கஸ்தூரி என்று நான் பெயர் வைத்த பெண்

தம்பி,

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், கடைசியில் இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. அதனால் அம்மா மெயிலில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் நீ உன் அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. நீ எனக்கு அனுப்பிய வரைவின் நான்காம் பக்கத்தில், முகாமில் இருக்கும் ஒரு பெண்ணின் கதையை எழுதியிருக்கிறாய். அது போகக்கூடாது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

மூன்று மாதமாக நீ வேறொரு நாட்டின் எல்லையில், அகதிகள் முகாமில், சம்பளமில்லாத ரிப்போர்ட்டிங் ஆபீஸராக இருக்கிறாய். அங்கே கர்ப்பிணிகளைப் பார்க்க ஒரு கூடாரம், பிரசவத்துக்கு ஒரு கூடாரம், கருத்தடைக்கு ஒரு திரை மறைவு. நடப்பதையெல்லாம் மாதம் ஒருமுறை தொகுத்து, பணம் கொடுக்கிறவர்களுக்கு எழுதி அனுப்புவது உன் வேலை. இதற்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது அப்பா, "பொம்பளைங்க சமாச்சாரத்தை எழுதறதுக்கு இவன் எதுக்கு அவ்வளவு தூரம் போவணும்?" என்று கேட்டார். உன் விண்ணப்பத்தை எனக்குக் காட்டினாய். அதில் ஒரு வரி இருந்தது: என் அம்மா புயல் நிவாரணத்தில் இதே வேலையைச் செய்தவர், அவரைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அந்த வரியை அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கமாவை மட்டும் திருத்திக் கொடுத்தேன். இன்றைய கசப்பு முழுவதும் அந்தக் கமாவிலிருந்து தொடங்கியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

புயல் வந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. நம் தெருவின் மரங்கள் அத்தனையும் படுத்துக் கிடந்ததும், ஸ்கூல் இல்லை என்று நீ கிளைகளுக்குள் வீடு கட்டி விளையாடியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் சுரங்க டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரியும் பலாவும் வேரோடு போயிருந்தன. ஓடும் கூரையும் போன வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகள் தார்ப்பாயின் கீழ் கிடந்தார்கள். அப்போது சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, சுற்றியிருந்த கிராமங்களின் பள்ளிக்கூடங்களில் பெண்களுக்கு மட்டுமான மருத்துவ முகாம் போட்டது. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நம் பிளாக்கில் விசாரித்தார்கள். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, பத்து வருஷமாகக் குவார்ட்டர்ஸில் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டினார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். அதில் என் பெயர், அதற்குக் கீழே பதவி. அதுவரை இந்த ஊரில் எனக்கு 'சாரோட வீட்டம்மா' என்றுதான் பெயர். அட்டையை முதல்நாள் சமையலறையிலும் கழற்றவில்லை என்பதை உனக்கு மறைப்பதில் அர்த்தமில்லை. ஏழை எளியவர்மேல் இரக்கம் பொங்கி நான் போகவில்லை. அந்த அட்டைக்காகப் போனேன். நீ எதற்காகப் போனாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கே ஒருநாள் தெரியும்.

முகாம் நல்ல முகாம். இதை நான் நியாயமாகச் சொல்லவேண்டும். வந்திருந்த டாக்டரம்மா யாரையும் அதட்டவில்லை. மந்தாரக்குப்பத்தில் கடைகடையாக ஏறி இறங்கி நாப்கினும் துண்டும் வாங்கி வந்து தானே பிரித்துக் கொடுத்தார். பிரசவ நாள் நெருங்கியவர்களைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. அந்த வேலை இல்லாவிட்டால் செத்திருக்கக்கூடிய பெண்களை எனக்குத் தெரியும். குறை முழுவதும் மூலையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளிடம்.

அங்கே ஒருத்தி வந்தாள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அவள் புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட் என்பதையும் எழுதமாட்டேன். அன்று எழுதியதுதான் என் குற்றம். இருபத்து மூன்று வயதுக்குள் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன், இடைவெளியே இல்லை. டாக்டரம்மாவிடம் தானாகக் கேட்டு காப்பர்-டி வைத்துக்கொண்டாள். வெளியே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவள், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க மாமியா ஆம்பள புள்ள வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருக்குது. டாக்டரம்மா இன்னொண்ணு இப்ப ஒடம்பு தாங்காதுன்றாங்க. நான் யாரு பேச்ச கேக்கறது? இது இருக்கறது டாக்டரம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப ஒங்களுக்குத் தெரியும். அத்தோட நிக்கட்டும்."

"பயப்படாதம்மா. பேரை மாத்திடுவேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "மாத்துங்க, மாத்துங்க. நல்ல பேரா வைங்க. எங்கப்பா வச்ச பேரு எனக்கே புடிக்காது."

கஸ்தூரி என்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து இருக்குமா, நாங்க எல்லாம் முறைப்படிதான் செய்யறோம்" என்றாய். கஸ்தூரியும் கையெழுத்துப் போட்டாள். இடுப்பில் சின்னது அழுதுகொண்டிருந்தது, பெரியது அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதே பெஞ்சில்தான் அரிசிப் பைக்கும் போர்வைக்கும் கையெழுத்து. மூன்று தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நான்தான் நீட்டினேன். மூன்றாவது எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முறைப்படிதான் நடந்தது. உன் முகாமில் கையெழுத்து வாங்கும் மேஜையும் உணவு கொடுக்கும் மேஜையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை எழுந்து போய்ப் பார்.

சென்னையிலிருந்து அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வாரம் ஒருமுறை பேசுவார். "மேடம், முப்பது பக்கம் கணக்கு யாரும் படிக்கமாட்டாங்க. ஒரு முகம் குடுங்க" என்றார். நான் கொடுத்தேன். நன்றாக எழுதினேன், தம்பி. அதுதான் விஷயமே. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, விவரம் இல்லாத எழுத்து செத்த எழுத்து என்று. எனவே விவரங்களை வைத்தேன். புருஷனின் பிரிவு, அவன் வேலைக்குக் கிளம்பும் ஷிப்ட், புயலில் நனைந்துபோன அவளுடைய தையல் மெஷின், வீட்டின் பின்புறம் விழுந்த மரம், இரண்டு பெண் குழந்தைகளின் வயது. "இருட்டில் ஒரு பெண் தன் உடலைப் பற்றித் தானே எடுத்த முதல் முடிவு" என்று முடித்திருந்தேன். படித்துவிட்டு அந்த ஒருங்கிணைப்பாளர் அழுததாகச் சொன்னார். நான் நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து முகாமை முடித்துக்கொள்ளும்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நன்றி விழா. ஆங்கில அறிக்கையைச் சுருக்கித் தமிழில் ஒரு சிறு புத்தகமாகப் போட்டார்கள். மொழிபெயர்த்தவளும் நான்தான். வந்தவர்களுக்கெல்லாம் மிக்சர் பொட்டலத்தோடு ஒரு பிரதி. யார் வந்தார்கள்? பஞ்சாயத்து ஆட்கள், சுற்றுக் கிராமத்துப் பெண்கள், அவர்களை வண்டியில் ஏற்றி வந்த ஆண்கள். தூர தேசத்தில் யாரோ படிக்கப்போகிறார்கள் என்று எழுதியதை, அவள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில் மிக்சரோடு விநியோகித்தோம். நான் மேடையில் இருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

நீ இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒருவனுடைய பெயர் யாருக்கு வேண்டும்? எந்த பிளாக், என்ன டைப் குவார்ட்டர்ஸ், முதல் மைன்ஸா இரண்டாவதா, பர்மனென்டா கான்ட்ராக்டா, இந்த வாரம் என்ன ஷிப்ட். இதைச் சொன்னால் போதும், ஆளை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். நம் பக்கத்து வீட்டுக்காரரோடு பதினான்கு வருஷம் குடியிருந்தோம். அவர் பெயர் என்னவென்று அவர் ரிட்டயர்மென்ட் அழைப்பிதழைப் பார்த்துத்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் 'நைட் ஷிப்ட் ஃபோர்மேன்'. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற அத்தனையையும் விட்டுவைத்தேன். அடையாளத்தை மறைத்துவிட்டதாக நிம்மதியாகவும் இருந்தேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு நகைச்சுவையாக. அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "இன்னைக்கு கேன்டீன்ல ஒரே கூத்து. ஒரு கான்ட்ராக்ட் பையனைப் போட்டு எல்லாரும் ஓட்டுறாங்க. 'மாப்ள, மெஷினுக்கு மட்டும் இல்லடா, ஒன் வூட்லயும் ஸ்டாப் சுவிட்ச் வச்சிக்கினு இருக்காங்களாமே, ஒனக்குத் தெரியாதா?' அப்படின்னு ஒருத்தன் புத்தகத்தையே எடுத்து வாசிக்கிறான். அவன் டிபன் பாக்ஸை அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டான், பாவம்."

அப்பா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன? நீ எழுதினதா அது?"

அன்று சாயங்காலமே நான் அங்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்குக் காரணங்கள் சீக்கிரம் கிடைக்கும். நடந்ததையெல்லாம் ஊர் நர்சம்மா பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புருஷன் அவளை அடித்திருக்கிறான். மறுவாரமே மாமியார் யாரிடமோ அழைத்துப்போய் காப்பர்-டியை எடுத்துவிட வைத்திருக்கிறாள். மூன்றே மாதத்தில் கர்ப்பம். ஏழாம் மாதம் ரத்தப்போக்கு. கடலூருக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. அவள் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டியிருந்தது. எந்த முடிவைத் தானே எடுத்ததற்காக அவளை நான் அவ்வளவு புகழ்ந்திருந்தேனோ, அப்படி ஒரு முடிவை இனி அவள் எடுக்கவே தேவையில்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் போல. வாசலில் மாமியார் நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க, வாங்க. இன்னா எழுதணும்? இன்னம் எதுனா மிச்சம் இருக்குதா?"

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு வெளுத்திருந்தது. என்னை உட்காரச் சொன்னாள், பெரியவளைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பேரை மாத்தித்தாம்மா எழுதினேன், இப்படி ஆகும்னு..." என்று ஆரம்பித்தேன். மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு போனேன், வாயில் வந்தது சமாதானம்.

"மாத்துனீங்களேக்கா. பாத்தேன், படிச்சேன். கஸ்தூரி. நல்லா இருந்திச்சி அந்தப் பேரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவளாவது நல்லா இருக்கட்டும்."

நான் எழுந்தேன். ஆப்பிள் பையை மாமியார் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் அந்த நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு கேடயம் வந்தது, சிறந்த களக் கதைக்காக. அதை நம் ஷோகேஸில் பார்த்து, அம்மாவுக்குப் பரிசு என்று நீ உன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினாய். நான் தடுக்கவில்லை. ஒரு பதினோரு வயசுப் பையனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அப்போது நினைத்தேன். பிறகு நீ பதினைந்து வயசானாய், இருபது வயசானாய். அப்போதும் சொல்லவில்லை. உன் கண்ணில் எனக்கு இருந்த மதிப்பை நான் அவள் உடம்பைக் கொடுத்து வாங்கினேன். அதைத் திருப்பித் தர மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீ இன்று அந்த முகாமில் உட்கார்ந்திருப்பது ஒரு பொய்யை நம்பி. அந்தப் பொய் என்னுடையது.

இப்போது உன் நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் கதையை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். என் பிள்ளை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. படித்தபோது என்னைப் பயப்பட வைத்ததே அதுதான். பெயரை மாற்றியிருக்கிறாய். எந்த வரிசைக் கூடாரம் என்பதை விட்டுவைத்திருக்கிறாய். அவள் தண்ணீர் பிடிக்கும் குழாயின் எண்ணை விட்டுவைத்திருக்கிறாய். அவள் அப்பா ஊரில் செய்த தொழிலையும், எத்தனை பேராக எந்த ஆற்றைக் கடந்து வந்தார்கள் என்பதையும் விட்டுவைத்திருக்கிறாய். நீயே முதல் மாதம் எனக்குச் சொன்னாய், இங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை அம்மா, வரிசையும் கூடார எண்ணும்தான், நம்ம டவுன்ஷிப் மாதிரியே என்று. சொல்லிச் சிரித்தாய். அதே நீதான் இதை எழுதியிருக்கிறாய். எதற்காக அவள் உங்கள் திரை மறைவுக்கு வந்தாள் என்பது அவளோடு வந்த ஆண்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உன் அறிக்கையிலேயே நீதான் இரண்டாம் பக்கத்தில் பொதுவாக விளக்கியிருக்கிறாய்.

"இது வெளிநாட்டுக்குப் போற ரிப்போர்ட்மா, முகாம்ல யாரு படிக்கப்போறாங்க?" என்று கேட்டாய். முகாமில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது என்பதும் நீ சொன்னதுதான். நன்கொடையாளர்கள் அதைத் தங்கள் பக்கத்தில் போடுவார்கள். அங்கிருந்து அந்த ஊர் மொழிக்கு ஒரு விநாடியில் மாறிவிடும். என் காலத்தில் அதற்கு ஒரு மண்டபமும் மிக்சர் பொட்டலமும் தேவைப்பட்டன. உனக்கு அதுவும் தேவையில்லை.

இன்னொன்றும் கேட்டாய், கொஞ்சம் கோபமாக: "அப்ப எதைத்தான் எழுதறது? கதை இல்லன்னா காசு வராதும்மா. காசு இல்லன்னா மருந்து வராது." இதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுசாக இல்லை. உன் அறிக்கையில் ஊசி மருந்து தீர்ந்துபோன நாள் இருக்கிறது. பிரசவக் கூடாரத்தில் விளக்கு இல்லாத நாட்கள் இருக்கின்றன. பேறு பார்க்கும் பெண் ஒருத்தியே இரண்டு கூடாரத்துக்கும் ஓடுவது இருக்கிறது. இவற்றுக்கு மனம் இளகாதவர்கள் ஒரு பெண்ணின் கண்ணீருக்கு இளகினால், அந்த இளக்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. காசு குறையலாம். குறைந்தால் அதன் பாரம் உன்மேலும் விழும், தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் குறையை நிரப்ப அவளை எடுத்துக் கொடுக்க உனக்கு உரிமை கிடையாது. அவள் உதவி கேட்டு வந்தவள். உனக்கு எழுதக் கிடைத்தவள் இல்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நீ கோபப்படுவாய். நேற்றுக் காலை உன் மேலதிகாரிக்கு நான் ஒரு மெயில் அனுப்பினேன். அவர் முகவரி நீ அனுப்பிய வரைவின் தலைப்பிலேயே இருந்தது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான்காம் பக்கத்தை அனுப்பவேண்டாம், அதில் இருப்பவளைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று மட்டும் எழுதினேன். இருபத்துநான்கு வயசு மகனின் ஆபீசுக்கு அம்மா கடிதம் எழுதுவது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். நீ அங்கே தலைகுனிய நேரும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். உங்கள் அக்கறைக்கு நன்றி, எங்கள் அறிக்கைகள் அனைத்தும் வழிகாட்டு நெறிகளின்படியே தயாரிக்கப்படுகின்றன, உங்கள் மகனின் எழுத்து எங்களைப் பெருமைப்படுத்துகிறது.

ஆக அங்கே அதைத் தடுக்க யாரும் இல்லை. இனி நீ ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. திருத்தாதே, சுருக்காதே, வேறு பெயர் தேடாதே. எடுத்துவிடு. வைத்திருக்கும் பிரதிகளையும் அழித்துவிடு. நீ எனக்கு அனுப்பியதை நான் இப்போதே அழித்துவிட்டேன். அதற்காக உன்னை அனுப்பிவிடுவார்கள் என்றால் வீட்டுக்கு வா. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. எடுத்துவிட்டேன் என்று எனக்குத் தகவல் சொல்லவும் வேண்டாம், அவளிடமும் சொல்ல வேண்டாம். நாளைக்கும் அவள் குழாயடிக்குப் போவாள், வரிசையில் நிற்பாள், உன்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். தன்னைப் பற்றி அப்படி ஒன்று எழுதப்பட்டதே தெரியாமல் போகட்டும்.

அம்மா